நாலு லாட்டு

சனிக்கிழமை, ஏழரை மணி.
அனுப்பர்பாளையத்துக் கம்பெனியில்
சம்பளக் கவர்கள் பாதி ஒட்டியாயிற்று.
ஓவர்லாக் துளசிமணி தன் கவரைப் பிரித்து
என் மேஜையிலேயே வைத்து எண்ணினாள்.
"நாலு லாட்டு அடிச்சனுங்க.
ஒண்ணுக்குத்தான் காசு வந்திருக்குது."

கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதுங்க என்றேன்.
அந்த வாயை நான் இன்னும் கழுவவில்லை.

பதினோரு வாரமாக வி-லுக்அப்தான் போட்டிருந்தேன்.
பேரைக் கொடுத்தால் மேலிருந்து தேடும்.
முதல் துளசிமணியைக் கண்டதும்
வேலை முடிந்ததென்று திரும்பிவிடும்,
வாசலில் ஒரு ஜோடிச் செருப்பைப் பார்த்து
வீட்டில் ஒரே ஆள் என்று
எழுதிக்கொண்டு போகிறவன் மாதிரி.

அதற்கடியில் மூன்று லாட்டு,
ஆயிரத்து எண்ணூறு பீஸ்,
அவள் கால் மிதித்த மிதியெல்லாம்
கூப்பிட ஆளில்லாமல் கிடந்தது.

அழித்துவிட்டு, ஃபில்டர் என்று அடித்தேன்.
எந்தப் பத்தியைக் கொண்டுவர,
எந்தப் பத்தி இவள் பேருக்குச் சமம்,
நடுவில் ஒரு கமா, கடைசியில் அடைப்பு.
வரவில்லை.
கீழே இறங்க இடமில்லையாம்.
பார்த்தால் இரண்டு கட்டம் தள்ளி
போன மாதம் நானே எழுதிவைத்த
டீ, போண்டா, 240.
அதைத் துடைத்ததும்
பொலபொலவென்று இறங்கியது

துளசிமணி
துளசிமணி
துளசிமணி
துளசிமணி

நாலு.
நாற்காலியில் சாய்ந்துகொண்டேன்.
பாத்துக்குங்க, சரியாப் போச்சு.

அவள் திரையில் விரல் வைத்தாள்.
விரல் போன வழியெல்லாம் பஞ்சுத்தூசி.
மூன்றாவதில் நின்றது.
"இது நானில்லீங்க.
பதினாலாந்தேதி நான் காங்கயத்துல,
நங்கையா புள்ளைக்குச் சீரு.
அன்னைக்கு ஓட்டுனது மாடி துளசிமணி.
அவளுக்குக் குடுத்துருங்க.
என்னோட நேவி ப்ளூ ஒண்ணு
இதுல காணமே."

நேவி ப்ளூவைத் தேடிக்கொண்டு போனேன்.
இருநூற்றுப் பதினேழாம் வரியில் இருந்தது.
துளசி மணி.
நடுவில் ஒரு தட்டு இடைவெளி,
என் கட்டைவிரல் இட்டது.
மெஷினுக்கு அவள் வேறொருத்தி.

அவள் சொன்னதும் நாலு, வந்ததும் நாலு.
இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால்
கவரை ஒட்டியிருப்பேன்.

அதற்குள் வரிசை கலைந்து
மேஜையைச் சுற்றிக்கொண்டது.
ஏனுங்க, எனக்கும் பாருங்க.
வேலாமணி, சரசாத்தா, செக்கிங் பேபி.
முதலாளி போனில் கேட்கிறார்,
பதினோரு வாரத்துக்கும் சேர்த்து எவ்வளவு ஆகும்?
போனைக் கவிழ்த்து வைத்தேன்.

கடைசியில் ஒடிசாக்காரப் பெண்,
கவரைப் பிரிக்காமல் நிற்கிறாள்.
என் பட்டியலில் அவள்
ஒரு வாரம் சபிதா, ஒரு வாரம் சவிதா,
அவசரமான வாரம் வெறும் சபி.
கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன்.
"உன் பேர் என்னம்மா?
மெதுவாச் சொல்லு."