இருநூற்று ஆறாம் கேள்வி

சில்வா ஏரி பின்வாங்கிய கரையில்
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.
பின்சக்கரத்தில் காற்றில்லை.
பையில் டேப்லெட், வறுத்த நிலக்கடலை,
மழைக்கென்று ஒரு பிளாஸ்டிக் உறை.
மழை வந்தால்தானே.
இன்றைக்கு இது பதினோராவது வீடு.

எனெலெசி மீன் உலர்த்திக்கொண்டிருந்தாள்.
நாணல் பாயில் விரல் நீள மீன்கள்,
எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி.
இடுப்புத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு
எதிரே உட்கார்ந்தாள்.

உன்னோடு இருக்கும் மகன்கள்? இரண்டு.
மகள்கள்? ஒன்று.
வெளியூரில்? பிளான்டயரில் ஒருத்தி,
யார் வீட்டிலோ துணி துவைக்கிறாள்.
கேள்விகள் படித்துறை மாதிரி இறங்கும்.
இருநூற்று ஆறில் தண்ணீர் தொடங்கும்.

"பிறந்து அழுது, அல்லது உயிரின் அடையாளம் ஏதும் காட்டி,
பிறகு இறந்துபோன குழந்தை உண்டா?"

இல்லை, என்றாள் முதலில்.
மீன்மேல் உட்கார்ந்த ஈயை ஓட்டினாள்.
பிறகு சொன்னாள்:
"அது அழவில்லை."

'இல்லை'யைத் தொட்டால்
அடுத்த பக்கம் தானே திறந்துகொள்ளும்.
இருபது நிமிடம் மிச்சம்.
எங்களுக்கெல்லாம் தெரிந்த குறுக்குவழி,
பயிற்சி வகுப்பில் யாரும் சொல்லித்தராதது.
பொழுதோ சாய்கிறது.
ஸொம்பாவில் அலுவலகச் சுவரில்
ஒரு கோடு இறங்கிக்கொண்டிருக்கிறது,
ஆயிரத்துக்கு இத்தனை, ஆயிரத்துக்கு இத்தனை என்று.
விருந்தினர் வந்தால்
அதன் முன்னால் நின்று படமெடுத்துக்கொள்வார்கள்.
நானும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்,
பொய் சொல்வானேன்.

"அழவில்லை, சரி. வேறென்ன செய்தது?"

"விரலைப் பிடித்தது."
தன் சுண்டுவிரலைப் பார்த்தாள்.
அதில் செதில் ஒட்டியிருந்தது.
"கொஞ்ச நேரம்தான்.
மருத்துவச்சி தண்ணீருக்குப் போய்த் திரும்பும் நேரம்."

மூச்சு, துடிப்பு, தசையின் அசைவு,
இவற்றில் ஒன்று இருந்தாலும் உயிர்ப்பிறப்பு
என்கிறது கையேடு, பக்கம் நாற்பத்தொன்று,
என் தேநீர்க் கறைக்குக் கீழே.
விரல் என்று எங்கும் எழுதவில்லை.
தசை என்று எடுத்துக்கொண்டேன்.

எந்த வருடம்?
வருடம் அவளிடம் இல்லை.
என்னிடம் ஒரு பட்டியல் இருக்கிறது:
தேர்தல், வெள்ளம், புது ரூபாய்த்தாள், காலரா.
"ஏரி வற்றிய வருடம்," என்றாள்.
"படகுக்குள் ஆடுகள் படுத்திருந்தன."

பெண்ணா? பெண்.
பெயர்?
இதற்கு மட்டும் என் முகத்தைப் பார்த்தாள்.

பெயரில்லாவிட்டால் 'குழந்தை' என்று எழுதலாம்,
விதி இருக்கிறது.
எழுதினேன்.
இறந்தபோது வயது, நாட்களில். இரண்டு கட்டங்கள்.
பூஜ்ஜியம்.
பூஜ்ஜியம்.

சுவரிலுள்ள கோடு
ஒரு மயிரிழை ஏறும் இதனால்.
எவர் கண்ணுக்கும் தெரியாத மயிரிழை.
இறங்குவதென்றால் அது
இவளையும் தூக்கிக்கொண்டு இறங்கட்டும்.

"எழுதியாயிற்றா?"
எழுதியாயிற்று.
"மொத்தம் எத்தனை வந்தது?"
ஐந்து.
"ஐந்து," என்றாள்,
மீனைப் புரட்டி அடிப்பக்கம் காய்ந்ததா என்று பார்ப்பதுபோல்.
பிறகு எழுந்து மீன்களைப் புரட்டப் போனாள்.

அடுத்த வீடு புல்வெளிக்கு அப்பால்.
லவ்னெஸ், வயது இருபத்து மூன்று.
இரண்டு பிள்ளைகள், இரண்டு நீலப் புத்தகங்கள்,
ஊசி போட்ட நாளெல்லாம் முத்திரையோடு,
சர்க்கரைப் பையில் சுற்றிக்
கூரைக் கழியில் செருகியிருந்தாள்.
அவசரமாகத்தான் கேட்டேன்
இருநூற்று ஆறை.
புரியவில்லை, இன்னொரு தரம் கேளுங்கள் என்றாள்.
கேட்டேன்.

சட்டென்று வெளியே திரும்பி
இரண்டு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.
உடனே வரவில்லை.
மறுபடி கூப்பிட்டாள், குரல் உயர்ந்தது.
வந்தார்கள், ஒருத்தன் வாயில் கரும்பு.
இரண்டு தலையிலும் கை வைத்துக்கொண்டு
என்னையே பார்த்தாள்,
நான் எதையோ கொண்டுபோக வந்தவள் மாதிரி.

'இல்லை'யைத் தொட்டேன்.
அடுத்த பக்கம்
தானே திறந்தது.