எட்டரைக் கல்

கோரிமேட்டிலிருந்து கடலூர் முதுநகர்வரை
வாடகைக் காரின் பின் இருக்கையில்
டிரைவருக்கு எதிர்மூலையில் என்னை
உட்காரவைத்தார் தனசேகர்.
கண்ணாடியை இறக்கிவிட்டே வந்தோம்.
ரெட்டிச்சாவடி தாண்டியதும் டிரைவர் கேட்டார்,
"மேடத்துக்குத் தொத்துற காய்ச்சலா?"
"இல்லப்பா" என்றேன்.
"நான் இப்போது கொஞ்சம் அயோடின்."

அதற்குப் பதினைந்து நாள் முன்பிருந்தே
மீன் கூடாது, கருவாடு கூடாது,
கடையில் விற்கும் தூள் உப்பு கூடாது.
துறைமுகத்துப் பக்கம் குடியிருந்துகொண்டு
கடலைத் தட்டிலிருந்து தள்ளிவைப்பது லேசில்லை.
பக்கத்து வீட்டுச் சங்கரா வறுவல்
மதிய வேளையில் சுவரேறிக் குதிக்கும்.
கத்திக்குத் தப்பிய சில செல்கள்
கழுத்துக்குள் எங்கோ ஒளிந்திருந்தன.
பசியில் அவை
எதைக் கொடுத்தாலும் விசாரிக்காமல் விழுங்கவேண்டும்.
பத்தியம் எனக்கல்ல, அவற்றுக்கு.

ஈயக் குடுவையில் வந்தது ஒரு காப்ஸ்யூல்.
ஒரு மடக்குத் தண்ணீர்.
அவ்வளவுதான்.

பதினோரு வருஷம் கரும்பலகையில் எழுதியது
இப்போது தொண்டையில் நடக்கிறது.
எழுபத்தெட்டு நியூட்ரான்களில் ஒன்று
புரோட்டானாகிவிடுகிறது.
எலக்ட்ரான் ஒன்று தெறித்துக் கிளம்பி
இரண்டு மில்லிமீட்டர் போவதற்குள்
அக்கம்பக்கத்துச் செல்களைக் குலைத்து
ஓய்ந்துபோகிறது.
அதற்காகத்தான் விழுங்கினேன்.
கூடவே கிளம்பும் காமாவுக்கு
அந்தச் சிக்கனம் தெரியாது.
என்னைத் துளைக்கும், செங்கல்லைத் துளைக்கும்,
ஹாலில் இதயா கிறுக்கும் நோட்டுவரை போகும்.

ஆகவே தனசேகர் தரைக்கல் எண்ணினார்.
ஒரு கல் ஓரடி.
பன்னிரண்டாம் கல்லில் அவள் பாய்.
தூரம் இரட்டித்தால் கதிர் கால்பங்கு.
அந்த விதிக்குள் இவ்வளவு நீள நடை இருக்கிறதென்று
நான் ஒருநாளும் நடத்தியதில்லை.

அடுத்து எந்த அணு?
யாருக்கும் தெரியாது.
திருப்பாதிரிப்புலியூரில் நிரம்பும் பண்ருட்டி பஸ்ஸில்
சன்னலோரம் தூங்குகிறவர் எங்கே இறங்குவார்
என்று எனக்குத் தெரியாது,
நெல்லிக்குப்பத்தில் பாதி காலியாகும்
என்பது மட்டும் தெரியும்.
வகுப்பில் சொல்லும் உதாரணம் இது.
இப்போது படுத்துக்கொண்டே அதில் ஓட்டை பார்க்கிறேன்:
நின்றுவருகிறவருக்குக் கால் கடுக்கும்.
அணுவுக்குக் கடுக்காது.
ஒரு வாரம் காத்திருந்ததும்
சற்றுமுன் பிறந்ததும்
இந்த நொடிக்கு ஒரே வயசு.

காகிதத்தை நான் தொடக்கூடாது.
விடைத்தாள்கள் போனில் படங்களாக வருகின்றன.
ஹமீதா எழுதியிருக்கிறாள்:
'அரை ஆயுட்காலம் முடிந்ததும்
ஒவ்வோர் அணுவும் பாதி செத்திருக்கும்.'
தப்பு.
பாதி செத்த அணு என்று ஒன்று இல்லை.
அயோடினாக இருக்கும்,
இல்லையென்றால் செனான்.
சைபர் என்று குறித்துவைத்தேன்.
குறித்தபின்,
அவள் என்னைப் பற்றி எழுதினாளோ என்று
இன்னொரு முறை படித்தேன்.

வளைகோடு அச்சைத் தொடவே தொடாது
என்றும் எழுதுவார்கள்.
அதற்கு எப்போதும் முழு மதிப்பெண்.
நேற்று ராத்திரி தூக்கமில்லாமல்
கணக்குப் போட்டேன்.
முப்பத்தேழு எழுதிப் பதினான்கு சைபர்,
ஏறத்தாழ அத்தனை அணுக்கள்.
ஐம்பத்திரண்டு முறை பாதியானால் மிஞ்சுவது ஒன்று.
நானூற்றுப் பதினாறு நாள்.
உடம்பு கழித்துவிடுவதைச் சேர்த்தால்
இன்னும் சீக்கிரம்.
அந்த ஒன்றுக்குப் பாதி கிடையாது, ஹமீதா.
தொடும்.

இன்று எட்டாம் நாள்.
கன்னத்தில் எலுமிச்சை மிட்டாய்.
மூச்சில் கொஞ்சம் செனான்,
யாரோடும் சேராத வாயு,
கொடியில் காயும் பள்ளிச் சீருடையைக் கடந்து
துறைமுகக் காற்றோடு போகிறது.

"இன்னிக்கு எத்தனாவது கல்லும்மா?"

கதிர் பாதி.
பன்னிரண்டை இரண்டின் வர்க்கமூலத்தால் வகுக்கிறேன்.
"எட்டரை."

பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தபடி
எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் நின்று
அரைக் கல்லில் எப்படி உட்காருவது
என்று அவள் யோசிக்கிறாள்.