காத்திரு, பதினொன்று

இருநூற்றுப் பன்னிரண்டு விதிகள்
பழைய கணினியிலிருந்து புதியதற்குக் குடிபோக வேண்டும்.
கெடு ஞாயிறு இரவு.
திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்குப் பின்னால்
வெல்டிங் பட்டறையின் மேல் இரண்டாம் மாடி,
மூன்று பேர், ஓர் ஏசி,
காற்று திரும்பினால் மணலியின் கந்தக வாடை.

மென்பொருளில் அதற்குப் பெயரே விதிதான்.
அதை வைத்து முதல் நாள் ஆளுக்கொரு ஜோக் சொன்னோம்.
மூன்றாம் நாள் யாரும் சொல்லவில்லை.

கன்டெய்னர் உள்ளே வந்தால் எண் கொடு.
ஐந்து நாள் தாண்டினால் வாடகை ஏற்று.
சீல் உடைந்திருந்தால் சிவப்பாக்கு.
இதெல்லாம் சமர்த்து.
கையைப் பிடித்ததும் கூடவே வந்துவிட்டது.

பிறகு சில இருந்தன.
எப்போதோ மூடிவிட்ட கம்பெனி ஒன்றுக்குத்
தினமும் காலை ஆறு பத்துக்கு
"எல்லாம் சரி" என்று ஒரு மெயில்.
அப்படி ஒரு முகவரியே இல்லை என்று
ஆறு பதினொன்றுக்கு அது திரும்பி வரும்.
திரும்பி வந்ததை ஃபோல்டரில் எடுத்து வைக்க
இன்னொரு விதி.
ஐயாயிரத்துச் சொச்சம் எல்லாம் சரிகள்.
இரண்டையும் அழித்தேன், வருத்தமில்லை.
பீச் ஸ்டேஷன் பக்கமிருந்து அத்தோ வந்தது,
சாப்பிட்டோம்.

எண்பத்தெட்டாவது:
நாற்பதடி டிரெய்லருக்கு கேட் பாஸ் அச்சிடு.
காத்திரு, பதினொரு நிமிடம்.
பிறகு அடுத்ததை அச்சிடு.

ஏன் என்று ஒரு வரி இல்லை.
கடைசியாகத் திருத்தியவர்: வ.ஜெ.
ஹெச்ஆரில் கேட்டேன்.
வனஜா ஜெபமணி என்று ஒருவர் இருந்தாராம்,
வரதன் ஜெயசீலன் என்றும் ஒருவர்.
இரண்டு பேர் நம்பரும் உபயோகத்தில் இல்லை.

புதிய கம்பெனியிலிருந்து வந்த நிரஞ்சன்
சோழிங்கநல்லூரிலிருந்து தினமும் இரண்டு மணிநேரம் பயணித்து வருகிறவன்
காத்திருப்பது அவனுக்குப் பிடிக்காது.
"இது செத்த நேரம், தூக்கிடுங்க" என்றான்.
தூக்கினேன்.
திரையில் வேகமானி பச்சைக்குப் போனது.
அழகாகத்தான் இருந்தது.

திங்கள் காலை ஏழேகாலுக்கு
நான்கு டிரெய்லருக்கு நான்கு பாஸ்,
பதினாறு வினாடியில்.
ஏழரைக்குக் கீழே ஹாரன்.
எட்டுக்கு ஹாரனுக்கு மேல் ஒரு குரல்.

"யாருப்பா அது ஆபீஸ்ல?
இத்தினி நாளு ஒன்னொன்னாத்தானே வுட்டீங்கோ,
இன்னிக்கு இன்னா வந்துச்சு?
தண்ணி லாரி எப்டி வரும், உன் தலமேலயா?"

டில்லிராணி.
பெயர் பிறகு தெரிந்தது.
பின்னால் நாற்பது குடம், நீலமும் பச்சையுமாய்,
சந்து நெடுக.
முதல் டிரெய்லரின் வால் யார்டுக்குள்,
மூக்கு எதிர்வீட்டு மீட்டர் பெட்டியில்.
இரண்டாவது அதற்கு வழிவிட முடியாமல்,
மூன்றாவது இரண்டாவதைத் திட்டிக்கொண்டு.

இறங்கி நின்று போனில் நேரம் பார்த்தேன்.
கிளீனர் பையன் வண்டியின் விலாவில் தட்டித் தட்டி
வா வா வா, லெப்ட்ல ஒடி, நிறுத்து,
மறுபடி வா என்று
ஒரு டிரெய்லரைச் சந்திலிருந்து வெளியே எடுக்க
ஒன்பதரை நிமிடம்.

ஆக, இந்தச் சந்தின் அகலத்தை
யாரோ நிமிடங்களில் எழுதிவைத்திருக்கிறார்கள்.
அளந்தவர் வனஜாவோ, வரதனோ,
இல்லை, இதே குரலுக்குப் பயந்து
இதே படியில் ஓடி இறங்கிய வேறு யாரோ.

மதியத்துக்குள் திரும்ப வைத்தேன்.
வேகமானி மஞ்சளாயிற்று.
நிரஞ்சன் பார்த்தான், சந்தைப் பார்த்தான்,
ஒன்றும் சொல்லாமல் டீ வாங்கப் போனான்.

ஒன்பதரை போக
மீதி ஒன்றரை நிமிடம் எதற்கென்று தெரியவில்லை.
அதையும் சேர்த்தே மாற்றினேன்.

புதியதில் குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு.
யாரும் நிரப்புவதில்லை.
நான் எழுதினேன்:
சந்து குறுகல்.
மாற்றுவதற்கு முன்
கீழே போய் டில்லிராணியைக் கேட்கவும்.