பழைய மாடல்

கிராஸ்கட் ரோட்டில் கடை வைத்திருப்பவன்
குறுக்கறுப்பைப் பற்றி நாலு வார்த்தை பேசலாம்.
தப்பில்லை.

வெள்ளிக்கிழமை ஆணை வந்தது.
சதை பட்டதும் தானே நிற்காத ரம்பத்தை
வீட்டு உபயோகத்துக்கு இனி விற்கக் கூடாது.
மூன்று பக்கம், கீழே பச்சை மையில் கையெழுத்து.
குடோனில் பதினொரு ரம்பம் இருந்தது,
எல்லாம் நிற்காத சாதி.

கம்பெனிப் பையன் புது மாடலோடு வந்தான்.
உக்கடத்தில் வாங்கிய நேந்திரம்பழத்தை
விரல் மாதிரி நீட்டிப் பிடித்து
சுற்றுகிற பற்களுக்குள் தள்ளினான்.
டப்.
அவ்வளவுதான். பிளேடு மேஜைக்குள் போய்விட்டது.
தோலில் நகம் பட்ட அளவுக்கு ஒரு கீறல்.
நின்றவர்களில் பாதிப் பேர்
கையை பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்கள்.
மீதிப் பேர் தட்டினார்கள்.
அதில் ஒரு கைதட்டல் மட்டும்
மற்றதோடு சேரவில்லை.

சென்னியப்பன்.
சூலூர்ப் பக்கம் மில்லில் பிட்டர்.
பொடக்காலியில் தகரக் கொட்டகை போட்டு
ஞாயிற்றுக்கிழமைகளில்
மகளுக்கு ஷூ ஸ்டாண்ட், ஒறம்பரைக்கு ஸ்டூல்,
யாரும் கேட்காத அலமாரி.
மூன்று வருசம் முன்னால் ரம்பம் கொடுத்தது நான்தான்.
"கார்டைக் கழட்டி ஆணியில மாட்டிட்டனுங்,
கோடு தெரியமாட்டீங்குது" என்றார்.
சிரித்து வைத்தேன்.
எல்லாக் கொட்டகையிலும் அது
காலண்டருக்குப் பக்கத்து ஆணியில்தான்.
ஆயுதபூசைக்கு ரம்பத்துக்கு ஒரு பொட்டு,
கார்டுக்கும் ஒரு பொட்டு.
வருசத்தில் ஒரு நாள் மரியாதை.

ஆறு மாதம் கழித்துக் கட்டுப் போட்ட இடக்கையோடு வந்து
புது பிளேடு கேட்டார்.
அறுபது பல்.
பத்து பர்சென்ட் குறைத்துப் போட்டேன்.
இரண்டு பேரும் வேறெதுவும் பேசவில்லை.

இன்றைக்குக் கடை அதிரப் பேசுவதும் அவர்தான்:
"என்ர பொடக்காலி, என்ர கரண்டு பில்லு, என்ர வெரலு.
கெவுருமெண்டுக்கு இதுல என்னுங் சோலி?
பச்சை வேம்பு அறுத்தா
ஈரத்தைச் சதைன்னு நெனச்சு நின்னுக்குமாம்.
நின்னா பிரேக் பெட்டி ஒண்ணு பதினோராயிரமாம்.
மரத்துக்கும் மனுசனுக்கும் வித்தியாசம் தெரியாத மெசினை
என்ர தலைல கட்டறீங்களே."

நியாயம்தான். தலையாட்டினேன்.
வியாபாரி வேறென்ன ஆட்டுவான்.

பிறகு, வீணாகப் போக வேண்டாமென்று
அந்தப் பழத்தை எடுத்தார்.
இடக்கையில் மிச்சமிருந்ததற்குள் இடுக்கி
வலக்கையால் உரித்துப்
பாதியை என்னிடம் நீட்டினார்,
கீறல் விழுந்த பாதி.
தின்றேன். லேசாக எண்ணெய் வாசம்.

சாயங்காலம் ஒரு போன்.
"சென்னியப்பன் ஊட்லிருந்து பேசறனுங்."
கருணாம்பாள்.
ரம்பம் நிஜமாகவே நிற்குமா என்று கேட்கவில்லை.
"தவணை எத்தனை மாசமுங்?
வெலைய மட்டும் அவருகிட்ட பாதியாச் சொல்லிப்போடுங்க.
மிச்சத்தை நான் தெச்சுக் கட்டீர்றன்."
அவள் பேசுகிறபோதே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.
அந்த ஊசிக்கு
ஆணை எதுவும் வந்ததாகத் தெரியவில்லை.
பதினைந்து மாதம் என்றேன்.

குடோனில் இப்போது ஒன்பது.
"பழைய மாடல் இருக்குதுங்களா" என்று
குரலைத் தணித்துக் கேட்பவர்களிடம்
இல்லை என்கிறேன்.
இரண்டு பேரிடம் மட்டும் இருக்கிறது என்றேன்.
மாதக் கடைசி. வாடகை.
கம்பெனி திருப்பி எடுக்காது என்று எழுதியே கொடுத்துவிட்டது.
பில்லில் ஆணைக்கு முந்தின வியாழக்கிழமையைப் போட்டேன்.

ஒருவர் அன்னூர்.
இன்னொருவர் ஊர் சொல்லவில்லை, சின்ன வயசு,
வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டிவிட்டு
திரும்பி வந்து கை கொடுத்தார்.
நல்ல பிடி.
விடுவதற்குள்
எண்ணிக்கொண்டேன்.