பதினேழு நிமிடம்

எட்டு வருடம் கல்யாணம் எடுத்த கை.
பந்தக்கால் முதல் பந்தியின் கடைசி இலை வரை
தூக்கத்திலும் எடுக்கும்.
தோழர் மாரிக்கண்ணுவின் முதல் நாள் பேட்டியில்
பழக்கதோஷம், காதை நோக்கி நெருங்கியது.
"தோட்ட அடகு வச்சு ஆறு மாசமாச்சு தம்பி,
அங்க என்னத்தத் தேடுற?"

தயாரிப்பு: விற்ற பல்சர்.
ஒளி: கோட்டூர்ப் பக்கத்து மார்கழி.
பேட்டரி ஏற்ற சங்க ஆபீசில் ஒரே பிளக்,
அதற்கும் கொசுவிரட்டியோடு தகராறு.

வரப்பில் அவர் தனியாக நடந்துவர
பின்னால் சூரியன் இறங்கவேண்டும் என்பது என் திட்டம்.
அவரோ ஷேர் ஆட்டோவில் ஏழாவது ஆளாகத் தொங்கி
திருத்துறைப்பூண்டி தாலுகா ஆபீஸ் போனார்.
மூன்று மணிநேரம் பெஞ்சு.
போராட்டம் எப்போது தோழர் என்றேன்.
"உக்காந்திருக்கறதுதான் பாதி.
கார்டத் தீத்துடாத."

எல்லாக் கூட்டத்திலும் என் முக்காலிக்குப் பக்கத்தில்
இன்னொரு முக்காலி. நல்ல முக்காலி.
உளவுப்பிரிவு ஏட்டு தெட்சணாமூர்த்தி.
ஒருமுறை என் கார்டு நிரம்பியபோது
சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்,
திருப்பித் தரணும் என்று சொல்லி.
"இருவத்திரண்டு வருசமா எடுக்கறேன் அக்காவ.
மொதல்ல டேப்பு, அப்புறம் சிடி."
என்னிடம் பதினோரு மணிநேரம்.
அவரிடம்
கறுப்பு முடியோடு அக்கா இருக்கிறார்.

பத்தொன்பதாம் நாள்
மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால், நான் கேட்காமலே,
தம்பி வடமலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.
மரக்கால் நெல் கூடுதலாகக் கேட்ட அறுப்புக்காலம்,
வாய்க்காலில் அவனைக் கண்டெடுத்த விடியல்.
நான் அழுதேன். ஃபோகஸ் தப்பவில்லை.
முடித்த பிறகுதான் பார்த்தேன்.
மைக்கின் பேட்டரி எப்போதோ செத்திருந்தது.
ஒலிக்கோடு பாய்விரித்துப் படுத்திருந்தது.
கேமராவின் சொந்தக் காதை
வெளிச்சத்தம் வேண்டாமென்று நானே அடைத்திருந்தேன்.

இன்னொரு தடவை சொல்லுங்க தோழர்.
"ஒரு தடவதான் வந்துச்சு. போயி சாப்புடு."

தஞ்சாவூரில், ஸ்டூடியோவின் பின்னறையில்
எடிட்டர் ரெஜினா வயலின் போடலாம் என்றாள்.
வேறு குரல் போடலாம் என்றாள்.
வெட்டிடு, யாருக்குத் தெரியப்போகுது என்றாள்.
மூன்று ராத்திரி வெட்டினோம்.
நான்காவது ராத்திரி, வெட்டியதை எல்லாம்
திரும்ப ஒட்டினோம்.

முதல் திரையிடல் சமுதாயக்கூடச் சுவரில்.
புதுச் சுண்ணாம்பு. ஒரு பல்லி
அவர் கன்னத்தின் குறுக்கே நிதானமாகப் போனது.
சத்தம் நின்றது.
உதடு மட்டும்.
"சவுண்டு! சவுண்டு!" என்று பொடியன்கள் விசிலடித்தார்கள்.
எனக்கு எழுந்து ஓடவேண்டும்போல இருந்தது.

"ஏய் சும்மாருங்கடா. இது வடமல சேதி"
என்றது முன்வரிசையில் ஒரு குரல்.
"அன்னைக்கு நல்ல மழ."
"மழ எங்க பேஞ்சுது? பனி. சட்ட வெறச்சுக் கெடந்துச்சு."
"சட்டையே இல்லடி."
"பொணத்தத் தூக்க நாலு பேரு வரல, எங்கப்பாதான்…"
"உங்கப்பன் மத்தியானமா வந்தான்."
சுவரில் அவர் வாய் அசைந்துகொண்டே இருந்தது.
கீழே ஊர் அதற்குச் சண்டைபோட்டது.
கடைசி வரிசையில் சந்தா ரசீது பிரித்துக்கொண்டிருந்தவர்
தலை நிமிரவில்லை. ஒரு இடத்தில் மட்டும்,
"சட்ட இருந்துச்சு. பித்தான்தான் இல்ல."

அப்போதுதான் ஞாபகம் வந்தது.
என் கேமரா பைக்குள் கிடந்தது.
தூணோரம், வழக்கமான உயரத்தில்,
ஒரு சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

சார், ஒரு காப்பி…
லென்ஸ் மூடியைத் தேடிக்கொண்டே சொன்னார்:
"மேல எழுதிக் கேக்கணும் தம்பி."

இது நான்காவது மனு.