மிச்சமிருந்த ஏழு மணி

எனக்கு ஜெபம், ரோஸிலிக்குச் செபம்.
பத்தொன்பது வருடமாக
அந்த ஓர் எழுத்துக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் அவள்.
நடுவில் ஒரு கட்டில்,
கட்டில்மேல் என் ஈரத்துண்டு.

துண்டைப் பற்றி அவள் சொல்வதை
இங்கே எழுத முடியாது.
பாதி மலையாளம் என்பதால் மட்டுமல்ல.

வீடு இஞ்சிவிளையில், கடை களியக்காவிளையில்.
காலையில் மாநிலம் தாண்டிப் போய்
ஊராரின் ஆதார் அட்டைக்கு ஜெராக்ஸ் எடுத்துவிட்டு
மதியம் மாநிலம் தாண்டி வந்து
மரச்சீனியும் மத்திக் கறியும் தின்கிறவன் நான்.
சோதனைச் சாவடியில் என்னை நிறுத்தியது ஒரே ஒருமுறை,
அதுவும் தீப்பெட்டி கேட்டு.

எங்கள் சபையில் புனிதர்களிடம் கேட்பதில்லை.
நேரே மேலிடத்துக்குத்தான் மனு.
அவளுக்கோ ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளை அலுவலகம்;
தொலைந்த பொருளென்றால் அந்தோணியார்.
"எங்க வச்சிய?" என்று முதலில் என்னைக் கேட்பாள்.
தெரிந்தால் அது தொலைந்ததாகுமா?
பிறகு கண்ணை மூடி அவரைக் கேட்பாள்.
கேட்ட கையோடு போய்
அரிசிப்பானை மூடிமேலிருந்து
என் கண்ணாடியை எடுத்து வருவாள்.

போன ஜூலையில் அவளுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை.
விடிந்தும் விடாத மழை.
அவளைக் கூட்டிவரப் போகவேண்டும், ஸ்கூட்டர் சாவி இல்லை.
பிரிட்ஜ் மேல் இல்லை, சட்டைப் பையில் இல்லை,
துண்டுக்கு அடியிலும் இல்லை.
வீட்டில் யாருமில்லை என்று தெரிந்தும்
ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு
"அந்தோணியாரே, நான் ரோஸிலிக்க வீட்டுக்காரன்" என்று
மெல்ல ஆரம்பித்தேன்.
சிபாரிசு இல்லாமல் எந்த ஆபீசிலும்
நான் ஏறியதில்லை.

சாவி வண்டியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது,
ராத்திரி முழுக்க நனைந்தபடி.

யாரும் திருடாததை
அற்புதக் கணக்கில் சேர்க்கலாமா?
எங்கள் போதகரிடம் கேட்கிற விஷயமா இது.
வழியில் ஒரு பாக்கெட் மெழுகுவர்த்தி வாங்கி
அவள் பையில் போட்டேன்.
"கரன்ட் போனா உதவும்."
"ஆஸ்பத்திரியில ஜெனரேட்டர் உண்டு" என்றாள்.
அதற்கு மேல் கேட்கவில்லை.
அவள் கேட்காமல் விடுவதுதான் எனக்குப் பயம்.

லாட்டரிச் சீட்டு கதையும் அப்படித்தான்.
பாட்டுப்புத்தகத்தில் அடக்க ஆராதனைப் பக்கங்களை
யாரும் சும்மா புரட்டமாட்டார்கள் என்று
அங்கேதான் ஒளித்து வைப்பேன்.
பக்கத்து வீட்டு நேசமணி வாத்தியார்
சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போனார்.
எல்லாரும் எழுந்து நின்ற நேரம்
என் புத்தகத்தை வாங்கி அவள் திறக்க,
எழுபது லட்சம் பெட்டிக்கருகே பறந்து விழுந்தது.
குனிந்து எடுத்தவள் தேதியைப் பார்த்தாள்.
"குலுக்கி மூணு நாளாச்சே" என்றாள் காதோடு.
அழுகிற முகத்தோடு சிரிப்பை அடக்குவது
எவ்வளவு கஷ்டம் என்று
அன்றுதான் தெரிந்தது எனக்கு.

ராத்திரி செபமாலையை அவள் முடித்து
நான் பார்த்ததில்லை.
முதல் இரண்டு பத்து நன்றாகப் போகும்.
மூன்றாவதில் குக்கர் கழுவவில்லையே என்பாள்.
நான்காவதில் குரல் கரையும்.
நேற்று எப்படியோ கடைசிப் பத்துவரை வந்துவிட்டாள்.
மூன்றாவது மணியில் விரல் நின்றது,
குறட்டை தொடங்கியது.

பிரிட்ஜ் கதவு இடுக்காகத் திறந்திருந்தால்
எழுந்துபோய்ச் சாத்தாமல் தூங்க முடியாதவன் நான்.
குழாய் சொட்டினாலும் அப்படித்தான்.
(துண்டு வேறு விஷயம்.)
மிச்சம் ஏழு மணி.
வார்த்தை எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லமாட்டேன்.
அவள் விரலிலிருந்து மெல்ல உருவி
நாலு, அஞ்சு, ஆறு என்று
எண்ணிக்கை மட்டும் எண்ணினேன்,
பேப்பர் கட்டு எண்ணுகிற மாதிரி.
பத்து வந்ததும் ஆமென் என்றது
வாய்ப் பழக்கம்.

காலையில் கட்டன்சாயாவோடு வந்து
"நேத்து முழுசும் சொல்லி முடிச்சேன் பாத்தியளா?" என்றாள்.
"பாத்தேன்" என்றேன்.
"அப்போ மால எங்க?"

என் சட்டைப் பையைத்
தடவிப் பார்க்காமலேயே தெரிந்துவிட்டது.
அவளோ கண்ணை மூடியாயிற்று,
அந்தோணியாரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.
அவர் சொல்லிவிடுவதற்குள்
எங்கேயாவது வைத்தாக வேண்டும்.