மூன்றில் இரண்டு

தெலாவியில் செப்டம்பர்.
திராட்சை லாரிகள் வர இன்னும் ஒன்பது நாள்.
போன வருடம் எடைமேடைக் கணினி உறைந்துபோய்
நானூறு வண்டிப் பழம் வெயிலில் புளித்தது.

இந்த முறை மூன்று கணுக்கள்:
பிராங்க்பர்ட்டில், மிலானில், வார்சாவில்.
நான் பார்த்திராத ஊர்கள். வாடகை மணிக்கணக்கில்.
ஒருவன் எழுதுவதை மற்றவர்கள் படியெடுப்பார்கள்.
மூவரில் இருவர் தலையசைத்தால் அது நடந்தது;
ஒருவன் மட்டும் சொன்னால்
நடக்கவேயில்லை.

"என் மாமியார் வீட்டிலும் இதே சட்டம்தான்" என்றாள் மக்வாலா,
எச்சில் தொட்டு எடைச்சீட்டுகளைப் பிரித்தபடி.

கூட்டம் பெருகினால் தானே இன்னொரு கணு முளைக்கும்,
வடிந்தால் உதிரும்.
கட்டளைக் கோப்பில் வெறும் நான்கு வரி.
உச்சவரம்பு கேட்ட இடத்தில் ஆறு என்று போட்டேன்.
பணம் ஜோட்னேயுடையது; பத்து போடக் கை வரவில்லை.

ஐந்தாம் நாளே மேகம் வந்தது.
நான் வாடகைக்கு எடுத்தது அல்ல,
காகசஸ் முதுகிலிருந்து இறங்கிய கறுப்பு.
ஆலங்கட்டி என்றது வானொலி.
பள்ளத்தாக்கே ஒரே ராத்திரியில் அறுத்தது.

நான்கு. ஐந்து. ஆறு.
அதற்குமேல் முளைக்கவில்லை.
வார்சா பேச்சை நிறுத்தியது.
மீதி ஐவர் புதுத் தலைவனைத் தேர்ந்தெடுக்கப்
பதினோரு நொடி.

அந்தப் பதினோரு நொடியும்
எடைத்தட்டின் மேல் ஒரு டிராக்டர் நின்றது,
ஓட்டுநர் என்னையே பார்த்தார்.
மக்வாலா பேனா எடுத்து
உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்:
இரண்டாயிரத்து நூற்று நாற்பது.

விடிந்து, கணக்கெல்லாம் நேரான பிறகு
ஒப்பிட்டுப் பார்க்க அவளிடம் போனேன்.
ரொட்டி தின்னுமுன்
கையைக் கழுவிவிட்டாளாம்.